பூட்டிய பொக்கிஷம்

கைக்குள் அடங்கிய சினிமா கொட்டகை சோனியின் பிஎஸ்பி. அதற்கு என்ன ஆயிற்று?

2005 ஜனவரி. டோக்கியோவில் வெளிநாட்டு நிருபர்கள் மன்றத்தில் பேச வந்திருந்தார் கென் குடராகி. பிளேஸ்டேஷனின் தந்தை என்று விளையாட்டு உலகம் கொண்டாடும் மனிதர். அவர் உருவாக்கிய புதிய கையடக்கக் கருவி ஜப்பானியக் கடைகளுக்கு வந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் மேடை ஏறும் நிறுவன அதிகாரி தன் சரக்கின் பெருமையைத்தான் பேசுவார். குடராகியோ தன் கம்பெனியின் குறையையும் சேர்த்தே பேசினார். சோனியிடம் சொந்தமாக சினிமா கம்பெனியும் இசைக் கம்பெனியும் இருந்தன. அவற்றின் காப்புரிமை பறிபோய்விடுமோ என்ற பயம் நிர்வாகத்தைக் கட்டிப்போட்டது. அதனால்தான் ஐபாட் மாதிரி ஒன்றை நாம் செய்யாமல் கோட்டை விட்டோம். என்னைப் போன்றவர்களுக்கு அது பல வருட ஆதங்கம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஜப்பானிய நிறுவனங்களில் இப்படிப் பேசுவது சாதாரண விஷயம் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், எந்தப் பயத்தை அவர் அன்று குறை சொன்னாரோ, அதே பயம் அவருடைய சொந்தக் கருவிக்குள்ளும் குடியேறியிருந்தது. அந்தக் கருவிதான் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள். சுருக்கமாக பிஎஸ்பி.

ஜப்பானில் 2004 டிசம்பர் 12, அமெரிக்காவில் 2005 மார்ச் 24, ஐரோப்பாவில் அதே ஆண்டு செப்டம்பர் 1 என்று அது கடைக்கு வந்து இருபது வருடங்கள் ஓடிவிட்டன. தயாரிப்பு நின்றும் பத்து வருடங்களாகின்றன. ஆனால் கையில் பிடித்து விளையாடும் கருவிகள் இப்போது மறுபடியும் சந்தையை நிரப்புகின்றன. நின்டெண்டோ ஸ்விட்ச் 2, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று வரிசை நீள்கிறது. எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் இந்தப் பழைய கருவியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பிஎஸ்பியின் சிறப்புகள் பொறியாளர்கள் கொடுத்தவை. குறைகளில் பெரும்பாலானவை கம்பெனி தெரிந்தே போட்ட பூட்டுகள்.

நின்டெண்டோவின் கோட்டை

1989இல் கேம் பாய் வந்ததிலிருந்து கையடக்க விளையாட்டுச் சந்தை நின்டெண்டோவின் தனிச்சொத்து. அட்டாரியின் லிங்க்ஸ், செகாவின் கேம் கியர் என்று மோதிப் பார்த்தவர்கள் எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். 2003இல் நோக்கியாவும் என்-கேஜ் என்ற போனோடு களத்தில் குதித்தது. அதில் ஒரு கேமை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதே 2003 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஈ3 கண்காட்சியில் பிஎஸ்பியை அறிவித்த குடராகி, அதை 21ஆம் நூற்றாண்டின் வாக்மேன் என்று வர்ணித்தார். கேம், பாட்டு, படம், புகைப்படம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்பதுதான் அவர் கணக்கு. ஐபோன் வர இன்னும் நான்கு வருடங்கள் இருந்த காலம் அது. ஒரே கருவி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற ஆசை அன்று பலருக்கு இருந்தது. அதைக் கடையில் வைத்து விற்கும் துணிச்சல் சிலருக்குத்தான் இருந்தது.

நின்டெண்டோவும் சும்மா இருக்கவில்லை. இரண்டு திரைகள், அதில் ஒன்று தொடுதிரை என்று டிஎஸ் கருவியை பிஎஸ்பிக்குப் பத்து நாள் முன்னதாக ஜப்பானில் இறக்கியது. அமெரிக்காவில் டிஎஸ் 150 டாலர், பிஎஸ்பி 250 டாலர். நூறு டாலர் வித்தியாசம் இருந்தும் முதல் இரண்டு நாட்களில் அங்கே ஐந்து லட்சத்துக்கு மேல் பிஎஸ்பி விற்றதாக சோனி அறிவித்தது.

அந்தத் திரை

காரணம் திரை. 4.3 அங்குல அகலத்திரை, 480க்கு 272 பிக்சல். இன்றைய போன்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று பிள்ளைகளின் கையில் இருந்த கேம் பாய் அட்வான்ஸில் 2.9 அங்குலத் திரை, 240க்கு 160 பிக்சல்தான். புள்ளிக் கணக்கில் மூன்று மடங்குக்கும் மேல் தாவியிருந்தது சோனி. அதுவும் சினிமாவுக்குப் பொருத்தமான அகல வடிவத்தில். பளபளக்கும் கறுப்பு உடல், நடுவில் பெரிய திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லாமல் பெரியவர்கள் ரயிலில் எடுத்து வைத்துக்கொள்ளக் கூச்சப்படாத பொருளாக இருந்தது.

உள்ளே இருந்த செயலியின் உச்ச வேகம் 333 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 எம்பி. வீட்டு டிவியில் ஓடிய பிளேஸ்டேஷன் 2இன் தரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று சொல்லும்படி கேம்கள் இருந்தன. தொடக்கத்திலேயே வந்த ரிட்ஜ் ரேசர் கார் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரிந்துவிட்டது. இசைக்கு ஏற்பக் கட்டங்கள் விழும் லுமினஸ் என்ற புதிர் விளையாட்டு, ஜப்பானிய வடிவமைப்பாளர் டெட்சுயா மிசுகுச்சியின் கைவண்ணம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாட வேண்டிய அந்த கேம்தான் பிஎஸ்பிக்காகவே பிறந்தது என்பேன். அதிகம் விற்றது என்னவோ ரவுடிகளும் கார்களும் நிறைந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் லிபர்ட்டி சிட்டி கதைதான்.

யாரும் பெரிதாகப் பேசாத இன்னொரு சிறப்பு உண்டு. விளையாடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாப்பிங் வந்துவிட்டால் பவர் சுவிட்சைச் சற்றே தள்ளிவிட்டால் போதும், கருவி உறங்கிவிடும். மறுபடி தள்ளினால் விட்ட இடத்திலிருந்து, அதே நொடியிலிருந்து கேம் தொடரும். கையில் எடுத்துப் போகும் கருவிக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நகரும் அதன் மெனுவும் அப்படித்தான். குழப்பமே இல்லாத அந்த மெனுவைத்தான் பின்னாளில் பிளேஸ்டேஷன் 3இலும் சோனி டிவிகளிலும் பார்த்தோம். அந்த மெனுவின் மொழிப் பட்டியலில் இந்திய மொழி ஒன்றுகூடக் கிடையாது என்பது தனி வருத்தம்.

ஒரு வட்டுக்குள் எத்தனை பூட்டு

பிஎஸ்பியின் முதுகில் ஒரு கதவு. அதைத் திறந்தால் உள்ளே போவது யூஎம்டி என்ற குட்டி வட்டு. 6 சென்டிமீட்டர் விட்டம், பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும், 1.8 ஜிபி வரை கொள்ளும். நின்டெண்டோவின் சிப் அட்டைகளைவிடப் பல மடங்கு இடம். அச்சடிக்கும் செலவும் குறைவு. கேம் செய்பவர்கள் குரல்பதிவு, முழு இசை, சினிமாக் காட்சி என்று தாராளமாக நிரப்ப முடிந்தது இதனால்தான். இந்த மட்டும் நல்ல யோசனைதான்.

ஆனால் சுழலும் வட்டுக்கு மோட்டார் வேண்டும், லேசர் வேண்டும். இரண்டும் பேட்டரியைக் குடித்தன. கேம் ஓடும்போது கர்ரென்று ஒரு சத்தம், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே நீண்ட காத்திருப்பு. பஸ்ஸில் பத்து நிமிடம் விளையாட நினைப்பவருக்கு அந்தப் பத்தில் இரண்டு நிமிடம் 'லோடிங்' என்ற எழுத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

இது பொறியியல் குறை, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. சோனி இந்த வட்டில் சினிமாவையும் விற்கப் புறப்பட்டது. அமெரிக்காவில் முதல் பத்து லட்சம் பெட்டிகளோடு ஸ்பைடர்மேன் 2 படத்தின் வட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஆர்வமும் இருந்தது. சோனியின் இரண்டு படங்கள் சில வாரங்களிலேயே தலா ஒரு லட்சம் வட்டுகளைத் தாண்டின. மற்ற ஸ்டுடியோக்களும் ஓடிவந்து படங்களை அடுக்கின.

பிறகுதான் வாங்கியவர்கள் யோசித்தார்கள். இந்தப் படத்தின் டிவிடி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. டிவிடி விலையை ஒத்த, சில சமயம் அதையும் மிஞ்சிய காசு கொடுத்து அதே படத்தை எதற்கு மறுபடி வாங்க வேண்டும்? இந்த வட்டை டிவியில் போட முடியாது, கம்ப்யூட்டரில் போட முடியாது, வேறு எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் போட முடியாது. வெற்று வட்டு வாங்கி நாமே பதிவு செய்துகொள்ளவும் வழியில்லை. அப்படி ஒன்றை சோனி விற்கவே இல்லை. போதாக்குறைக்கு, படங்களுக்கு மண்டலப் பூட்டு வேறு. கேம் வட்டு எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டு பிஎஸ்பியிலும் ஓடும். படத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. 2006இல் யூனிவர்சல், பாரமவுண்ட் போன்ற ஸ்டுடியோக்கள் யூஎம்டியைக் கைவிடுவதாகச் செய்திகள் வந்தன. கடைகளில் அந்த அலமாரிகள் மெல்லக் காணாமல் போயின.

சரி, வட்டு வேண்டாம், நம்மிடம் இருக்கும் படத்தை மெமரி கார்டில் ஏற்றிப் பார்க்கலாமே என்றால் அங்கேயும் பூட்டு. பிஎஸ்பி ஏற்பது சோனியின் மெமரி ஸ்டிக் டுவோ அட்டையை மட்டும். மற்ற கார்டுகளைவிட விலை அதிகம். பெட்டியோடு வந்தது 32 எம்பி. அதில் பாட்டே பத்துக்குள்தான் அடங்கும், படம் எங்கே அடங்கும்? 1 ஜிபி வேண்டுமென்றால் கருவியின் விலையில் கணிசமான பங்கை அட்டைக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

அட்டையும் வாங்கியாயிற்று என்று வையுங்கள். 480க்கு 272 பிக்சல் திரை இருந்தும், மெமரி ஸ்டிக்கிலிருந்து ஓடும் வீடியோவை 320க்கு 240 என்ற அளவுக்கு மேல் போக சோனி விடவில்லை. முழுத் தெளிவு, காசு கொடுத்து வாங்கும் வட்டுக்கு மட்டும். கருவியால் முடியாமல் இல்லை. 2007இல் ஒரு மென்பொருள் மேம்படுத்தலில் சோனியே அந்தத் தடையை எடுத்தபோது அதே பழைய பிஎஸ்பிகள் முழு அளவில் படம் காட்டின. அதுவரை இரண்டு வருடங்களுக்கு மேல், திரையின் பெருமையைச் சொல்லி விற்ற கம்பெனியே அந்தத் திரைக்குத் திரை போட்டு வைத்திருந்தது.

ஆரம்ப நாட்களில் வீடியோ ஏற்றும் சடங்கைக் கேட்டால் சிரிப்பு வரும். எம்பி_ரூட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100எம்என்வி01 என்று இன்னொன்று. அதற்குள் வைக்கும் படத்துக்கு எம்4வி என்று தொடங்கி ஐந்து இலக்க எண்ணில் முடியும் பெயர் சூட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் 'படம் எதுவும் இல்லை' என்று கை விரித்துவிடும். படத்தை மாற்றித் தரும் மென்பொருளை சோனி தனியாகக் காசுக்கு விற்றது.

விரலுக்கு வந்த சோதனை

எல்லாக் குறையையும் பூட்டின் தலையில் கட்ட முடியாது. சில குறைகள் வடிவமைப்பாளர்களின் பிடிவாதம். ஜப்பானில் முதலில் வாங்கிய சிலர் சதுர பட்டனை அழுத்தினால் சரியாகப் பதியவில்லை என்று புகார் சொன்னார்கள். திரையைப் பெரிதாக வைத்ததால் பட்டனுக்கு அடியில் இருக்க வேண்டிய பாகம் நேர் கீழே அமையாமல் சற்று விலகியிருந்தது. குடராகி மன்னிப்புக் கேட்கவில்லை. இது நான் யோசித்துச் செய்த வடிவமைப்பு, கேம் செய்பவர்களும் விளையாடுபவர்களும் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் பதில் சொன்னார். கலைஞனுக்கு இருக்கலாம் அந்தத் திமிர். இருபதாயிரம் யென் கொடுத்தவரிடம் அதைக் காட்டலாமா?

திரையில் சில புள்ளிகள் செத்துப்போய் வருவது, வேகமான காட்சிகளில் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபடுவது, வெயிலில் ஒன்றுமே தெரியாமல் நம் முகம் மட்டும் தெரிவது என்று புகார்கள் தொடர்ந்தன. பளபள மேனியில் கைரேகை படியாத பிஎஸ்பியைக் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்க்கலாம்.

இவற்றை விடப் பெரியது ஒற்றைக் குமிழ். இடது கட்டைவிரலால் தள்ளும் குமிழ் ஒன்று உண்டு, வலப்பக்கம் இல்லை. முப்பரிமாண கேமில் ஆளை நடத்த ஒரு குமிழ், பார்வையைத் திருப்ப இன்னொரு குமிழ் வேண்டும். டிவி பிளேஸ்டேஷனில் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டதால் கேம் செய்பவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தந்திரம் செய்தார்கள். மான்ஸ்டர் ஹன்டர் என்ற கேமை விளையாடிய ஜப்பானியர்கள் இடது கட்டைவிரலால் குமிழைத் தள்ளியபடியே ஆள்காட்டி விரலை நண்டுக் கொடுக்கு மாதிரி வளைத்து மேலே இருக்கும் திசைப் பட்டனை அழுத்தப் பழகினார்கள். மணிக்கணக்கில் அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு என்னவாகும் என்பதை விளையாடியவர்கள் சொல்வார்கள்.

பேட்டரியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கேம் என்றால் 4 முதல் 6 மணி நேரம். அதற்காகவே செயலியின் வேகத்தை முதலில் 222 மெகாஹெர்ட்ஸோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். 2007இல்தான் முழு வேகத்தை கேம்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பயன்படுத்தி 2008இல் வந்த காட் ஆஃப் வார், இந்தக் குட்டிப் பெட்டியின் உச்சம் எது என்று காட்டியது.

பூட்டு உடைத்தவர்கள்

பூட்டு இருந்தால் சாவி செய்பவர்களும் வருவார்கள். அமெரிக்காவில் விற்பனை தொடங்கிய சில நாட்களிலேயே ஒன்று நடந்தது. பிஎஸ்பியில் வைஃபை இருந்தது, ஆனால் பிரவுசர் இல்லை. வைப்அவுட் ப்யூர் என்ற பந்தய கேம் மட்டும், கூடுதல் பாதைகளை இறக்கிக்கொள்வதற்காகத் தனக்குள் ஒரு சிறிய பிரவுசரை வைத்திருந்தது. நெட்வொர்க் அமைப்பில் முகவரியை மாற்றிக் கொடுத்து, அந்த பிரவுசரை சோனியின் தளத்துக்குப் பதிலாக வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள் கில்லாடிகள். பந்தய கேமுக்குள்ளிருந்து இணையம் முழுவதும் திறந்துகொண்டது. சில மாதங்கள் கழித்து சோனியே அதிகாரபூர்வமாக ஒரு பிரவுசரைக் கொடுத்தது.

அதன் பிறகு நடந்தது எலி-பூனை ஆட்டம். ஜப்பானில் முதலில் வந்த பிஎஸ்பி, சோனியின் அனுமதி முத்திரை இல்லாத மென்பொருளையும் ஓட்டும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த பதிப்பில் சோனி அதை அடைத்தது. 2005 கோடையில் ஒரு ஸ்பானியக் குழு அதையும் திறந்தது. இன்னொரு பதிப்பை வால்பேப்பராக வைக்கும் ஒரு படக் கோப்பே உடைத்தது. அதை அடைத்தால், லிபர்ட்டி சிட்டி கேமில் சேமித்து வைக்கும் கோப்பு வழியே நுழைந்தார்கள். 2007இல் லுமினஸ் கேமில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்ததும், இரண்டரை வருடப் பழைய அந்த கேம் வட்டு திடீரென்று சூடாக விற்றது. உச்சகட்டமாக ஒரு பேட்டரி வந்தது. அதன் சிப்பில் இருக்கும் எண்ணை மாற்றிவிட்டால், பிஎஸ்பி தன்னைப் பழுதுபார்க்க சர்வீஸ் சென்டர் ஆள் வந்திருப்பதாக நம்பி, மெமரி ஸ்டிக்கில் இருப்பதை ஓட்டத் தொடங்கிவிடும். பாதியில் நின்ற அப்டேட்டால் செத்துப்போன பிஎஸ்பிகளைக்கூட அந்த பேட்டரி பிழைக்க வைத்தது.

உடைத்துவிட்டு என்ன செய்தார்கள்? நல்லதும் செய்தார்கள், கெட்டதும் செய்தார்கள். சோனி 320க்கு 240இல் நிறுத்தி வைத்திருந்த நாட்களிலேயே ஆர்வலர்கள் எழுதிய வீடியோ பிளேயர்கள் முழுத் திரையில் படம் காட்டின. மின்னூல் படிக்கும் மென்பொருள், பழைய நின்டெண்டோ கேம்களை ஓட்டும் எமுலேட்டர்கள், பள்ளி மாணவர்கள் சொந்தமாக எழுதிய சின்னச் சின்ன விளையாட்டுகள் என்று ஒரு பெரிய உலகமே பிறந்தது. டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் இயங்கிய ஸ்பானிய இளைஞர் கட்டிய மென்பொருள் பதிப்புகளில், சோனியின் பதிப்பில் இல்லாத வசதிகள் இருந்தன.

கூடவே திருட்டும் பெருகியது. வட்டை அப்படியே நகலெடுத்து மெமரி ஸ்டிக்கில் போட்டால் கேம் வேகமாக ஓடியது, சத்தமில்லை, பேட்டரியும் அதிகம் நின்றது. காசு கொடுத்து வாங்கியதைவிடத் திருடியது தரமாக இருந்தால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்? சென்னை ரிச்சி தெரு பக்கம் விசாரித்தால் இன்றும் அந்தக் காலத்து 'கேம் ஏத்தித் தர்றோம்' வியாபாரத்தை நினைவுகூர்பவர்கள் உண்டு. கேம் செய்தவர்களுக்கு இதில் கிடைத்தது பட்டை நாமம். பூட்டு எவ்வளவு எரிச்சலூட்டினாலும், இரண்டு வருடம் உழைத்து ஒரு கேம் செய்தவரின் வயிற்றில் அடிப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாங்கியவரின் சொந்தப் படத்துக்குக்கூடக் கதவைத் திறக்காத கருவியாக அது இல்லாமல் இருந்திருந்தால், கதவை உடைக்கக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் நான்கு பேர்

பிஎஸ்பியைக் காப்பாற்றியது படமும் அல்ல, பாட்டும் அல்ல. அக்கம்பக்கத்தில் இருக்கும் பிஎஸ்பிகளை இன்டர்நெட்டே இல்லாமல் ஒன்றோடொன்று இணைக்கும் வசதி. காப்காமின் மான்ஸ்டர் ஹன்டரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய மிருகத்தை வேட்டையாடலாம். நம்மூர் டீக்கடை பெஞ்ச் மாதிரி ஜப்பானில் துரித உணவுக் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து தலை நிமிராமல் விளையாடினார்கள். 2010 டிசம்பரில் வந்த அதன் மூன்றாவது பாகம் ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. மேலை நாடுகளில் பிஎஸ்பி வாடத் தொடங்கிய பிறகும் ஜப்பானில் அது செழித்ததற்கு இதுதான் காரணம். நெருக்கமான ரயில், நடந்து போகும் தூரத்தில் நண்பர்கள் என்ற அந்த ஊர் வாழ்க்கைக்கு அந்த வசதி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. காரிலேயே போய்வரும் அமெரிக்கர்களுக்குப் பக்கத்தில் விளையாட ஆள் ஏது?

இளைத்தது, பிறகு வழி தவறியது

2007இல் வந்த பிஎஸ்பி 2000, எடையை 280 கிராமிலிருந்து 189 கிராமாகக் குறைத்தது, நினைவகம் இரட்டிப்பானது, டிவியில் இணைக்கும் வசதியும் வந்தது. 2008இல் 3000. நிறம் கூடியது, மைக் சேர்ந்தது, ஆனால் வேகமான காட்சிகளில் திரையில் கோடுகள் தெரிந்தன. அது திரையின் இயல்பு, மென்பொருளால் சரிசெய்ய முடியாது என்று சோனி சொல்லிவிட்டது.

2009இல் பிஎஸ்பி கோ. வட்டுக் கதவே இல்லை. 16 ஜிபி உள்நினைவகம், எல்லா கேமும் தரவிறக்கம். காலத்துக்கு முந்தி வந்த யோசனை என்று இன்று புகழ்கிறார்கள். அன்று அதை வாங்கியவர் நிலை வேறு. அலமாரியில் இருக்கும் முப்பது நாற்பது வட்டுகளை இதில் ஓட்டவோ, தரவிறக்கமாக மாற்றிக்கொள்ளவோ வழியில்லை. 3000 மாடல் 170 டாலருக்குக் கிடைக்கும்போது இதற்கு 250 டாலர். பழைய வாடிக்கையாளரிடம் 'நீ வாங்கியதெல்லாம் செல்லாது' என்று சொன்ன கருவி, 2011இல் நின்றது. அதே ஆண்டு வைஃபையை வெட்டி, ஸ்பீக்கரை ஒன்றாக்கி, ஐரோப்பாவில் 99 யூரோவுக்கு ஒரு மாடல் இறக்கினார்கள். நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் வசதியையே எடுத்துவிட்ட பிஎஸ்பி எதற்கு?

2008இல் ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் வந்தபோது ஆட்டம் மாறிவிட்டது. ஒரே பெட்டிக்குள் எல்லாம் என்ற குடராகியின் கனவைப் போன் நிறைவேற்றியது. மொத்தம் சுமார் 8 கோடி பிஎஸ்பி விற்றது. சாதாரண எண்ணிக்கை இல்லை. எதிரில் நின்ற டிஎஸ் 15 கோடியைத் தாண்டியது.

பாடம் படித்தார்களா என்றால், இல்லை. 2011 டிசம்பரில் வந்த அடுத்த கருவி வீட்டா. இரண்டு குமிழ், அருமையான ஓஎல்இடி திரை, குறையே சொல்ல முடியாத வன்பொருள். அதற்கும் வேறெங்கும் பயன்படாத தனி மெமரி கார்டு! 250 டாலர் கருவிக்கு 32 ஜிபி கார்டு 100 டாலர். வீட்டா தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு அந்தக் கார்டுதான் முதல் காரணம்.

இன்று வாங்குபவருக்கு

கையடக்கக் கருவி வாங்கப் போகிறவர்கள் திரை அளவையும் செயலி வேகத்தையும் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இதற்குப் போடும் கார்டு பொதுச் சந்தையில் கிடைக்குமா? நான் வாங்கும் கேம், கம்பெனி கடையை மூடினாலும் ஓடுமா? நெட் இல்லாத இடத்தில் என்ன செய்யும்?

ஸ்டீம் டெக் சாதாரண மைக்ரோஎஸ்டி கார்டை ஏற்கிறது, வேண்டுமானால் வேறு இயங்குதளத்தையே போட்டுக்கொள்ளலாம்; ஆனால் முதலில் வந்த மாடலின் எடை 669 கிராம், கனமான கேம் ஓடினால் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கும். ஸ்விட்ச் 2இல் சில கேம் அட்டைகளுக்குள் கேமே இல்லை. சாவி மட்டும்தான், மீதியைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல், 8 அங்குலத் திரை இருந்தும், அறிமுகமானபோது வீட்டில் இருக்கும் பிஎஸ்5இன் படத்தை வைஃபையில் வாங்கிக் காட்டும் கண்ணாடியாகத்தான் இருந்தது. ப்ளூடூத் ஹெட்போனைக்கூட அதில் இணைக்க முடியாது. இந்த மூன்றில் காசு என்னுடையது என்றால் எடையைப் பொறுத்துக்கொண்டு ஸ்டீம் டெக்கைத்தான் எடுப்பேன்.

பிஎஸ்பியிலிருந்தே டிஜிட்டல் முறையில் வாங்கும் வசதியை சோனி 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய கேம்களை விளையாட ஆசைப்படுபவர்களுக்கு பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர் 2012 முதல் இருக்கிறது. 2024இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கும் வந்துவிட்டது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனிலேயே பெரும்பாலான கேம்கள் அன்றைய பிஎஸ்பியைவிடத் தெளிவாக ஓடுகின்றன. கேம் மட்டும் உங்கள் சொந்த வட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

கருவியே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் 2000 அல்லது 3000 மாடலைத் தேடுங்கள். கோ மாடலும் ஐரோப்பிய மலிவு மாடலும் வேண்டாம். பேட்டரி உள்ளுக்குள் இருப்பதால் நீங்களே மாற்ற முடியாது. மெமரி ஸ்டிக்குக்கு அலைய வேண்டியதில்லை. மைக்ரோஎஸ்டி கார்டைச் செருகும் மலிவான அடாப்டர்கள் கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. அதன் வைஃபை பழைய முறை என்பதால் இன்றைய ரவுட்டர்களோடு பெரும்பாலும் ஒட்டாது, அதை எதிர்பார்க்காதீர்கள். குமிழ் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா, வட்டு சுழலும்போது படிக்கிறதா, வட்டின் பிளாஸ்டிக் கூடு பிளந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். காசு கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். வீங்கியிருந்தால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். ஒரு தடவைகூட அதில் சார்ஜ் ஏற்றிப் பார்க்காதீர்கள்.